‘வாடகையே கிடையாது, மூணு லட்சம் ஒத்தி’: பணத்தைக் கொடுக்கும் முன் என்ன பார்க்கணும்?

விருதுநகரிலோ சிவகாசியிலோ வீடு தேடிப் போகிற யாரும் முதல் நாளே கேட்கும் கேள்வி இது: “தம்பி, வாடகைக்கா, ஒத்திக்கா?”

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ வேலை மாற்றலில் வருகிறவர்களுக்கு முதலில் கொஞ்சம் குழப்பமாக இருக்கும். சென்னையில் ‘லீஸ்’ என்று சொல்வதைத்தான் தென்மாவட்டங்களில் ஒத்தி என்கிறார்கள். சில ஊர்களில் போக்கியம். வீட்டுக்காரரிடம் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட வேண்டும். பேசிய காலம் வரை, வழக்கமாக இரண்டு அல்லது மூன்று ஆண்டு, வாடகை இல்லாமல் குடியிருக்கலாம். காலி செய்யும்போது கொடுத்த பணம் அப்படியே திரும்ப வரும். பணத்துக்கு வட்டி இல்லை, வீட்டுக்கு வாடகை இல்லை.

கேட்க ரொம்ப நல்லாத்தான் இருக்கிறது. பல ஆயிரம் குடும்பங்கள் இப்படித்தான் நிம்மதியாக வாழ்கின்றன. ஆனால், இந்த ஏற்பாட்டில் நீங்கள் வெறும் குடித்தனக்காரர் இல்லை, வீட்டுக்காரருக்குக் கடன் கொடுத்தவர். இதை மறந்துவிட்டு வெறும் முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு லட்சங்களைக் கொடுப்பதுதான் சிக்கலின் தொடக்கம்.

இந்த ஊரில் ஒத்தி ஏன் இவ்வளவு பிரபலம்?

காரணம் இங்குள்ள வேலையின் தன்மையில் இருக்கிறது. பட்டாசு, தீப்பெட்டி, அச்சு என மூன்று தொழில்களையும் சுற்றி வாழும் பகுதி இது. பட்டாசு ஆலையில் பெரும்பாலும் வாரக் கூலி, பல வேலைகளுக்குச் செய்த அளவுக்குத்தான் காசு. தீபாவளிக்கு முன்பு கை நிறைய வேலை இருக்கும், தீபாவளி முடிந்தால் சில வாரங்கள் ஆலை திறக்காது. மழை பெய்தால் மருந்து காயாது, வேலையும் இருக்காது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பைத் தடை செய்து, பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி அளித்த பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன.

இப்படிப்பட்ட வருமானத்தை வைத்துக்கொண்டு மாதம் பிறந்தால் ஐந்தாம் தேதிக்குள் வாடகை கொடு என்றால் எப்படி முடியும்? போனஸ் வந்தபோதோ சீட்டு எடுத்தபோதோ நகையை அடகு வைத்தோ ஒரு தொகையைப் புரட்டி வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டால், வேலை இல்லாத மாதத்திலும் கூரை நிச்சயம். அந்த வகையில் ஒத்தி என்பது ஏழைகள் தங்களுக்குத் தாங்களே செய்துகொண்ட ஒரு காப்பீடு.

இப்போது புதிதாக வருகிறவர்களும் இதே சந்தைக்குள் நுழைகிறார்கள். விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இ.குமாரலிங்கபுரத்தில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்காவுக்கான வேலைகள் தொடங்கியிருக்கின்றன. 2021-ல் திருத்தங்கலையும் சேர்த்து சிவகாசி மாநகராட்சியானது. மருத்துவர், செவிலியர், வங்கி ஊழியர், அச்சகங்களின் வடிவமைப்பாளர் என மாதச் சம்பளக்காரர்கள் பாண்டியன் நகர், சூலக்கரை, திருத்தங்கல் போன்ற கொஞ்சம் மலிவான புறநகர்ப் பகுதிகளில் வீடு பார்க்கிறார்கள். அவர்களுக்கும் தரகர் சொல்வது அதேதான்: “வாடகை எதுக்கு சார் வீணா? ஒத்திக்குப் போட்டுருங்க.”

கணக்கு என்ன சொல்கிறது?

புரிவதற்காக ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஒரு வீட்டுக்கு மாத வாடகை 6,000 ரூபாய் அல்லது 3 லட்சம் ஒத்தி என்று வைத்துக்கொள்வோம். காலம் இரண்டு ஆண்டு.

வாடகைக்கு இருந்தால் 24 மாதத்தில் 1,44,000 ரூபாய் போய்விடும்.

ஒத்தி என்றால், அந்த 3 லட்சத்தை வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் போட்டிருந்தால் கிடைத்திருக்கும் சுமார் 42,000 ரூபாய்தான் இழப்பு. சொந்தப் பணம் இல்லாமல் 12 சதவீதத்துக்கு நகைக்கடன் வாங்கிக் கொடுத்தாலும் இரண்டு ஆண்டு வட்டி 72,000 ரூபாய். எப்படிப் பார்த்தாலும் வாடகையை விட லாபம்.

இதையே வீட்டுக்காரர் பக்கம் நின்று பாருங்கள். ஆண்டுக்கு 72,000 ரூபாய் வாடகையை விட்டுக்கொடுத்து 3 லட்சம் வாங்குகிறார். அதாவது 24 சதவீத வட்டிக்குக் கடன் வாங்குகிறார். நகைக்கடன் 12 சதவீதத்துக்குக் கிடைக்கும்போது ஒருவர் ஏன் 24 சதவீதம் கொடுக்க வேண்டும்?

நியாயமான காரணங்கள் இருக்கலாம். மாடி கட்ட மொத்தமாகப் பணம் வேண்டியிருக்கலாம். மாதாமாதம் வாடகைக்கு அலைய விருப்பமில்லாத வயதானவராக இருக்கலாம். பலர் இதை வட்டியாகவே நினைப்பதில்லை. ஆனால், இன்னொரு காரணமும் இருக்கலாம். வங்கியில் ஏற்கெனவே கடன், நகை எல்லாம் அடகில், வெளியே வேறு வழியில்லை என்ற நிலையில் ஒத்திக்கு விடுகிறவரும் உண்டு. வாடகையோடு ஒப்பிட ஒத்தித் தொகை எவ்வளவு குறைவோ, வீட்டுக்காரருக்கு அவசரம் அவ்வளவு அதிகம் என்று எடுத்துக்கொள்ளலாம். ‘சல்லிசா கெடச்சுது’ என்று சந்தோஷப்படும் இடத்தில்தான் கொஞ்சம் நின்று விசாரிக்க வேண்டும்.

பணம் எங்கே மாட்டிக்கொள்கிறது?

பெரும்பாலான தகராறுகளில் வீட்டுக்காரர் ஏமாற்ற வேண்டும் என்று நினைப்பதில்லை. அவர் கையில் பணம் இருப்பதில்லை, அவ்வளவுதான். வாங்கிய 3 லட்சம் மகள் கல்யாணத்திலோ மாடிப் படியிலோ கரைந்திருக்கும். “அடுத்த ஆள் வரட்டும் தம்பி, வந்ததும் வாங்கிக் கொடுத்துடுறேன்” என்பார். அதாவது, உங்கள் பணம் அடுத்து வருகிறவர் கையில் இருக்கிறது. நீங்கள் கொடுத்த பணமும் உங்களுக்கு முன்னால் இருந்தவருக்குத்தான் போயிருக்கும்.

தொழில் நன்றாக ஓடும்வரை இந்தச் சங்கிலி ஓடும். ஆலைகள் மூடிக் கிடக்கும் காலத்தில் மூன்று லட்சத்தோடு வீடு கேட்டு யார் வருவார்கள்? ஊரில் பணம் முடங்கும்போது ஒத்திப் பணமும் முடங்கும். உங்களுக்கு மிக அவசரமாகத் தேவைப்படும் நேரமும் அதுவாகவே இருக்கும்.

உள்ளூர்க்காரர் என்றால், பணம் வரும்வரை வீட்டிலேயே இருந்துகொள்ளலாம். அதுதான் ஒத்தியின் இயல்பான பாதுகாப்பு. மாற்றலாகி வேறு ஊர் போக வேண்டிய மாதச் சம்பளக்காரருக்கு அந்த வசதி இல்லை. சாவியைக் கொடுத்துவிட்டுப் போனால் பிடி விட்டுப்போகும். கொடுக்காமல் போனால் புது ஊரில் வாடகை, பழைய ஊரில் பூட்டிய வீடு.

இதே கதை பெரிய அளவில் தென்கொரியாவில் நடந்திருக்கிறது. அங்கே ‘ஜியோன்சே’ என்று அச்சு அசலாக ஒத்தி போலவே ஒரு முறை உண்டு. வீட்டு மதிப்பில் பாதிக்கும் மேலான தொகையை முன்கூட்டியே கொடுத்து, பொதுவாக இரண்டு ஆண்டு வாடகையில்லாமல் இருப்பார்கள். 2022-ல் வட்டி ஏறி வீட்டு விலை இறங்கியதும், புதிதாக வருகிறவர் பணத்தை வைத்துப் பழையவருக்குக் கொடுத்துவந்த உரிமையாளர்கள் கைவிரித்தார்கள். திட்டமிட்ட மோசடிகளும் வெளியே வந்தன. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் இருபது, முப்பது வயதுக்காரர்கள். 2023-ல் அவர்களுக்காகத் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

சொத்து மாற்றுச் சட்டம், 1882 ஒத்தியை ஒரு வகை அடமானமாகப் பார்க்கிறது. சொத்தின் அனுபவத்தைக் கடன் கொடுத்தவரிடம் விட்டு, பணத்தைத் திருப்பிக் கொடுத்ததும் மீட்டுக்கொள்ளும் அடமானம். பணம் திரும்பும்வரை வீட்டை வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு.

ஆனால், ஒரு நிபந்தனை. 100 ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட தொகைக்கான இத்தகைய அடமானம் பதிவு செய்யப்பட்ட பத்திரமாக இருக்க வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பதியாத பத்திரத்தை வைத்துக் கொடுத்த பணத்தைக் கடனாகக் கேட்டு வழக்குப் போடலாம். ஆனால், வீட்டின் மீது உங்களுக்குள்ள பிடிமானம் போய்விடும். கால அவகாசமும் மாறும். சாதாரணக் கடனுக்கு வழக்குப் போட பொதுவாக மூன்று ஆண்டுதான், சொத்தின் மீது பதிவான அடமானப் பணத்துக்குப் பன்னிரண்டு ஆண்டு.

வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டால், வாங்கியவர் “எனக்கு ஒத்தி பற்றித் தெரியாது” என்று சொல்ல இடமிருக்கும். வீட்டுக்காரர் இறந்துவிட்டால் பிள்ளைகள் “அப்பா எங்ககிட்ட சொல்லவே இல்லை” என்பார்கள். பதிவு செய்திருந்தால் இரண்டு பேச்சுக்கும் இடமில்லை. வில்லங்கச் சான்றிதழில் உங்கள் பெயர் இருக்கும்.

வீட்டின் மீது ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்தால் வங்கிக்குத்தான் முன்னுரிமை. தவணை கட்டாமல் விட்டால், 2002-ம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி வங்கி வீட்டைக் கையகப்படுத்தலாம். பின்னால் வந்த ஒத்திக்காரர், பதிவு செய்திருந்தாலும், வங்கிக்குப் பிறகுதான் வரிசையில் நிற்க வேண்டும்.

அப்படியானால் வாடகை பாதுகாப்பானதா?

ஒப்பிட்டால் ஆம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குபடுத்துதல் சட்டம் (2017) வாடகைதாரருக்குச் சில தெளிவான உரிமைகளைத் தருகிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவர்தான் அந்த அதிகாரி. இணையதளம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். தகராறு வந்தாலும் தண்ணீரையோ கரண்டையோ வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. ஆனால், ‘ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லாவிட்டால்’ என்ற வாசகமும் கூடவே இருக்கிறது. நீங்கள் பத்து மாத முன்பணத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு அந்த வரம்பைக் காட்டிப் பேசுவது கடினம். பேரம் எல்லாம் கையெழுத்துக்கு முன்புதான்.

‘பதினோரு மாச அக்ரிமென்ட்தானே, பதிய வேண்டாம்’ என்ற பழைய நம்பிக்கையும் இங்கே உதவாது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்ற 1908-ம் ஆண்டின் பதிவுச் சட்டத்தைத் தவிர்க்க வந்த பழக்கம் அது. 2017-ம் ஆண்டுச் சட்டம் கேட்கும் பதிவு வேறு. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறுவதே வீட்டைக் காலி செய்யச் சொல்ல ஒரு காரணமாக அந்தச் சட்டத்தில் இருக்கிறது.

பதிவான ஒத்தி, அடமானம். வாடகை அதிகாரி முன் தீரும் விஷயம் அல்ல, உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும். இன்னொன்று, பழைய வரி முறையில் வீட்டு வாடகைப்படிக்கு விலக்கு கேட்கும் சம்பளக்காரர்களுக்கு ஒத்தியில் அது கிடைக்காது. வாடகையே கொடுக்கவில்லையே!

ஒத்திக்குப் போவது என்று முடிவெடுத்தால்...

முதலில் வில்லங்கச் சான்றிதழ் பாருங்கள். பதிவுத்துறையின் இணையதளத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம். வங்கியில் பத்திரம் வைத்துக் கடன் வாங்கியிருந்தால் பெரும்பாலும் அதில் தெரியும். அதோடு நிற்காமல், மூலப் பத்திரத்தை நேரில் காட்டச் சொல்லுங்கள். “நகல்தான் இருக்கு, ஒரிஜினல் அண்ணன் வீட்டுல இருக்கு” என்றால், ஒரிஜினல் வரும்வரை முன்பணம் கூடக் கொடுக்காதீர்கள்.

வீட்டு வரி ரசீது, பட்டா, பத்திரம் மூன்றிலும் ஒரே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அப்பா பெயரில் இருக்கும் வீட்டை ஒரு மகன் மட்டும் ஒத்திக்கு விட முடியாது. அப்பா இல்லையென்றால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். வீடு மாநகராட்சி எல்லைக்குள் இருக்கிறதா, பக்கத்து ஊராட்சியிலா என்பதையும் அந்த ரசீதே சொல்லிவிடும். தண்ணீரும் குப்பை வண்டியும் அதைப் பொறுத்துத்தான்.

பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட கடனையோ வைப்புத்தொகையையோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. வாங்கியவருக்கு அபராதம் வரும். உங்களுக்கும் வங்கிக் கணக்கைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

பத்திரத்தில் ‘இந்தத் தேதிக்குள் பணத்தைத் திருப்பித் தருகிறேன்’ என்று வீட்டுக்காரர் நேரடியாகப் பொறுப்பேற்கும் வாசகம் இருக்கட்டும். அனுபவ உரிமை மட்டும் இருக்கிற ஒத்திக்காரர், வீட்டை விற்றுப் பணம் தரச் சொல்லி வழக்குப் போடச் சட்டம் சாதாரணமாக இடம் தருவதில்லை. இந்த ஒரு வரி இருந்தால் பணத்தைக் கேட்டு வழக்குப் போட வழி இருக்கும்.

பக்கத்து வீட்டையும் ஒரு பார்வை பாருங்கள். இந்தப் பகுதியில் உரிமம் இல்லாமல் வீடுகளிலும் கொட்டகைகளிலும் பட்டாசு தயாரித்து விபத்து நடப்பது புதிய செய்தி அல்ல. இரவில் மட்டும் ஆள் நடமாட்டம், மருந்து வாடை, எப்போதும் மூடிய கதவு என்று ஏதாவது கண்ணில் பட்டால் அந்தத் தெருவே வேண்டாம்.

கடைசியாக, பணம் கணக்கில் ஏறிய பிறகே சாவி.

அரசு செய்ய வேண்டியது

இவ்வளவு சொன்ன பிறகும் பலர் ஒத்தியைப் பதிய மாட்டார்கள். காரணம் அறியாமை மட்டும் அல்ல. அனுபவத்தோடு கூடிய அடமானத்துக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். நம் உதாரணத்தில் 3 லட்சத்துக்கு 15,000 ரூபாய். காலி செய்யும்போது ஒத்தியை ரத்து செய்ய மறுபடி ஒருமுறை சார்பதிவாளர் அலுவலகம் போக வேண்டும்.

கணக்குப்படி அந்தச் செலவும் தாங்கக்கூடியதுதான். சொந்தப் பணம் போடுகிறவருக்கு வட்டி இழப்பு 42,000, பதிவுச் செலவு 15,000, மொத்தம் 57,000. வாடகையோடு ஒப்பிட்டால் இன்னும் 87,000 ரூபாய் மிச்சம். வீட்டுக்காரரோடு பாதிப் பாதி என்று பேசினால் சுமை இன்னும் குறையும். ஆகவே, முடிந்தவர்கள் பதிந்தே ஆக வேண்டும்.

ஆனால், நகையை அடகு வைத்துத் தொகையைப் புரட்டுகிற பட்டாசுத் தொழிலாளிக்குப் பதினைந்தாயிரம் பல வாரக் கூலி. அவர் பதிய மாட்டார். பாதுகாப்பு அதிகம் தேவைப்படுகிறவர்தான் பாதுகாப்பில்லாமல் நிற்கிறார். கோடிக்கணக்கில் அனுபவத்தோடு கூடிய அடமானம் வைப்பவருக்கும், தலைக்கு மேல் கூரைக்காக மூன்று லட்சம் கொடுப்பவருக்கும் ஒரே தீர்வைச் சதவீதம் என்பது நியாயமாகத் தெரியவில்லை.

கொரியாவில் குடியேறியதை உள்ளூர் அலுவலகத்தில் பதிந்து, ஒப்பந்தத்தில் தேதி முத்திரை வாங்கிக்கொண்டால் போதும். பின்னால் வரும் கடன்காரர்களை விட அவருக்கு முன்னுரிமை கிடைக்கும். அதற்கு ஆகும் செலவு சொற்பம். அப்படியும் அங்கே இத்தனை பேர் பணத்தை இழந்தார்கள் என்றால், அந்த முத்திரைகூட இல்லாத நம் ஒத்திக்காரர்களின் நிலையை யோசிக்க வேண்டும்.

தமிழக அரசு செய்யக்கூடியது எளிது. குடியிருப்புக்கான ஒத்தி, குறிப்பிட்ட தொகை வரை என்று வரம்பு வைத்து, தீர்வையையும் கட்டணத்தையும் சேர்த்து ஒரு சிறிய நிலையான தொகையாக மாற்றலாம். வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய ஏற்கெனவே இருக்கும் இணையதளத்திலேயே ஒத்திக்கும் ஒரு பக்கம் திறக்கலாம். இன்று பெரும்பாலான ஒத்திகள் பதிவாவதே இல்லை என்பதால், இதனால் அரசுக்குப் பெரிய வருவாய் இழப்பும் இருக்காது.

அதுவரை, தரகர் “வாடகையே கிடையாது சார்” என்று சொன்னால், கடன் கேட்டு வந்தவரிடம் ஒரு வங்கி மேலாளர் என்னென்ன கேட்பாரோ அதையெல்லாம் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். “அண்ணாச்சி, தப்பா எடுத்துக்காதீங்க, பத்திரத்த ஒரு தடவ பாத்துக்கிறேன்” என்று சொன்னால் நேர்மையான வீட்டுக்காரர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால், அந்த வீடு வேண்டாம்.